"எந்த மருந்தும் சாப்பிடலீங்க": ஒரு பப்பாளித் தோட்டமும் ஒரு நச்சுப் பாதிப்பும் – நிகழ்வு ஆய்வு

## இந்தப் பதிவு பற்றி

2010-11இல் மேற்குத் தமிழ்நாட்டின் ஒரு கிராமத்தில், பப்பாளிக்குப் பூச்சிக்கொல்லி அடித்த ஒரு விவசாயிக்கு நடந்தது இது. அப்போது நான் பூச்சியியல் ஆய்வு உதவியாளர். வாரம் இரண்டு நாள் வயல்களுக்குப் போய், இலையைத் திருப்பிப் பூச்சி எண்ணுவதுதான் வேலை. பூச்சியைப் பற்றி எழுதவேண்டிய குறிப்பேட்டில் பாதியிலிருந்து ஒரு மனிதரின் உடம்பும் மனசும் வந்து உட்கார்ந்துகொண்டன. மருத்துவப் பகுதியை, சிகிச்சை கொடுத்த மருத்துவர் பிறகு எனக்கு விளக்கியதிலிருந்து எழுதுகிறேன். குடும்பத்தின் சம்மதம் உண்டு. ஊர், பெயர் இல்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில சில்லறை விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

## பின்னணி

விவசாயிக்கு அப்போது நாற்பதைத் தாண்டிய வயது. ஒன்றரை ஏக்கரில் சுமார் 1,800 பப்பாளி மரங்கள். பழத்துக்காக வைத்ததல்ல. காயைக் கீறிப் பால் எடுத்து, பப்பெய்ன் என்ற நொதியின் தயாரிப்புக்கு அனுப்பிவிட்டு, கீறிய காயை டூட்டி ஃப்ரூட்டி செய்பவர்களுக்குப் போடுகிற வகை. வேலிக்கு அந்தப் பக்கம் சித்தப்பா மகனின் இரண்டு ஏக்கர் மல்பெரியும், அதை ஒட்டிப் பட்டுப்புழு மனையும் இருந்தன. இந்த வேலி கதையில் முக்கியம். இந்தப் பக்கம் அடிக்கும் பூச்சிக்கொல்லி, காற்று திரும்பினால் அந்தப் பக்கம் புழுவின் தீனியில் போய் உட்காரும்.

பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 2008இல், கோயம்புத்தூரில். பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே அதற்குள் முட்டையிட்டுக் கொல்லும் குட்டிக் குளவிகள் உண்டு, அதனால் பெரிய தொல்லையாக இருந்ததில்லை. இங்கே பூச்சி மட்டும் வந்தது, எதிரி வரவில்லை. ஒரு பெண் பூச்சி நூறிலிருந்து அறுநூறு முட்டை வரை இடும். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி, பருத்தி, சாலையோரப் பார்த்தீனியம் என்று எதிலும் வாழும். 2009 கோடையில் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளை மறக்காது. மரத்தின் மேல் யாரோ மைதாவைக் கொட்டியது போல இருக்கும்.

ஊரில் இதைக் கள்ளிப்பூச்சி என்றார்கள். "எங்க அய்யன் காலத்துல கள்ளியத் தின்ன பூச்சிதான், தின்ன கள்ளியில்லாம இப்ப பப்பாளிக்கு ஏறிருச்சு" என்று ஒரு பெரியவர் அடித்துச் சொன்னார். பூச்சி வேறு. ஆனால் அவர் நினைவு சரி. காடுகரையை மூடிக் கிடந்த சப்பாத்திக்கள்ளியை ஒழிக்க 1926இல் இலங்கையிலிருந்து ஒரு செதில்பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். அதுவும் வெள்ளைப் பஞ்சு போர்த்தியது. சில வருடங்களில் கள்ளி அடங்கிவிட்டது. இந்தப் பெரியவரின் பேச்சு பிற்பாடு எங்களுக்கு உதவியது.

## முதல் சந்திப்பும் எங்கள் ஆலோசனையும்

2010 பிப்ரவரியில் முதலில் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். நுனி இலைகள் சுருண்டிருந்தன. காயின் காம்பைச் சுற்றி வெள்ளைக் கூட்டம். பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவம் கீழ் இலைகளில் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்திருந்தது. எறும்புகள் மேலும் கீழும் சாரைசாரையாகப் போய்க்கொண்டிருந்தன. அதுவரை அவர் ஆறு முறை அடித்திருந்தார்.

ஆறு முறை அடித்தும் ஏன் சாகவில்லை என்பதற்குப் பதில் அந்த மாவில் இருக்கிறது. அது மெழுகு. தண்ணீரில் கலந்த எதுவும் அதன்மேல் பாதரசம் போல உருண்டு ஓடிவிடும். முட்டைப் பையும் மெழுகுப் பஞ்சுக்குள் பத்திரமாக இருக்கும். மேலே நடமாடும் குஞ்சுகள் சாகும், பத்து நாளில் அடுத்த தலைமுறை பொரியும். செத்தது யாரென்றால் மெழுகு இல்லாதவர்கள். பொறிவண்டும் சிலந்தியும் மாவுப்பூச்சியைத் தின்னும் ஸ்பால்கிஸ் என்ற பட்டாம்பூச்சியின் புழுக்களும் செத்தன. இந்தப் புழு தானும் வெள்ளை மாவைப் பூசிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே மேயும். "இது பெரிய பூச்சிங்க, ராணி" என்று சொல்லி அவர் அதைத்தான் தேடித் தேடி நசுக்கிக்கொண்டிருந்தார்.

நாங்கள் சொன்னது: அடிக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவர ஏற்பாடு நடக்கிறது. இலங்கையில் 2009இலேயே விட்டிருக்கிறார்கள். அதுவரை பொறுங்கள்.

"எப்ப வருங்க சார்?"

தெரியாது என்றேன்.

"அதுவரைக்கும் நான் என்ன பண்றதுங்க?"

சோப்புக் கரைசலைச் சொன்னேன். சிரித்தார். மரியாதையான சிரிப்புதான். ஆனால் அந்தச் சிரிப்போடு ஆலோசனை முடிந்துவிட்டது என்று எனக்கு அப்போது புரியவில்லை. அறிவியல்படி நாங்கள் சொன்னது சரி. ஆனால் கண்ணெதிரே மரம் காயும்போது கையைக் கட்டிக்கொண்டு நில் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் பைக்கில் ஏறி வந்துவிட்டேன். மருந்துக்கடையில் அவருக்குப் பற்று இருந்தது. கடைக்காரர் அடுத்த புட்டியைக் கடனில் தருவார். எங்களிடம் தருவதற்கு ஒன்றுமில்லை. மார்ச்சில் மறுபடி அடிக்க ஆரம்பித்தார்.

ஏப்ரலில் காற்று திரும்பிய ஒரு காலையில் தெளிப்பு வேலியைத் தாண்டியது. நாலாம் பருவத்தில் இருந்த பட்டுப்புழுக்கள் தலையை ஆட்டி, பச்சையாகக் கக்கி, தட்டிலேயே சுருண்டன. ஒரு முழு வளர்ப்பு போயிற்று. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றது.

## பாதிப்பு நடந்த நாள்

மே மாதத்தின் இரண்டாவது வாரம். காலை ஆறரைக்குத் தொடங்கினார். மோனோகுரோட்டோபாஸ், புரோபனோபாஸ் இரண்டையும் ஒரே டேங்கில் ஊற்றி, மெழுகைக் கரைக்க ஒரு கைப்பிடி துணி சோப்புத்தூளும் போட்டிருக்கிறார். மோனோகுரோட்டோபாஸ் சிவப்பு முக்கோணம் போட்ட புட்டி, அதாவது மிகக் கொடிய விஷம் என்ற அடையாளம். காய்கறிக்கு 2005லேயே தடை, பப்பாளிக்குப் பரிந்துரையே கிடையாது. இரண்டும் ஆர்கனோபாஸ்பேட் வகை. இரண்டு வேறு பெயர், ஒரே வேலை. இரட்டை மருந்து என்று அவர் நினைத்தது இரட்டை அளவு.

முதுகு டேங்கின் மூடி வாஷர் தேய்ந்து ஒழுகியது. ஒரு பழைய சைக்கிள் டியூப் துண்டை வைத்து இறுக்கியிருந்தார். பப்பாளி தலைக்கு மேல் உயரம் என்பதால் அண்ணாந்து அடிக்க வேண்டும். அடித்தது முகத்திலும் கழுத்திலும் திரும்ப விழும். ஏழு டேங்க். பத்தரைக்கு முடிக்கும்போது சட்டையின் முதுகுப் பக்கம் பிழியும் அளவுக்கு நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்திருக்கிறார். அந்தச் சட்டையோடேதான் திண்ணையில் சாய்ந்தார்.

பதினொன்றரைக்குத் தலை சுற்றல். பிறகு வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல், ஊற்றாக வியர்வை. அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்ததால் வெயில் தாக்கிவிட்டது என்று மோர் கொடுத்தார்கள். ஒன்றரை மணிக்கு அருகிலிருந்த ஒரு சிறு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள்.

அங்கே மருத்துவர் கேட்டார்: "ஏதாச்சும் மருந்து சாப்பிட்டாரா?"

மனைவி சொன்னார்: "ஐயோ, எந்த மருந்தும் சாப்பிடலீங்க."

இந்த இரண்டு வாக்கியங்களில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் போயிற்று. நம் ஊரில் மாத்திரையும் மருந்து, பூச்சிக்கொல்லியும் மருந்து. "மருந்து குடிச்சுட்டான்" என்றால் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். மருத்துவர் எதைக் கேட்டாரோ, மனைவி காதில் விழுந்தது அந்தக் குற்றச்சாட்டுதான். கடன், மரம் காய்வது, தம்பியோடு சண்டை, அத்தனையும் ஊருக்குத் தெரிந்த நிலையில் அப்படி ஒரு பேச்சு வந்தால் போலீஸ் வரும், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அவர் சாப்பிடவில்லை என்பது உண்மையும்கூட. அடித்தாரா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சலைனும் வாந்திக்கு ஊசியும் போட்டார்கள். ஈரச் சட்டை உடம்பிலேயே இருந்தது. தோல் வழியாக விஷம் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

நாலரைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் 108 வரவழைத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

## மருத்துவமனையில் கண்டதும் செய்ததும்

பணியில் இருந்தவர் இளம் மருத்துவர். அவரை உறுத்தியது நாடித்துடிப்பு. வெயிலில் துவண்டு, வாந்தியெடுத்து, நீர் வற்றிய ஆளுக்கு நாடி ஓட வேண்டும். இவருக்கு நிமிடத்துக்கு 52. டார்ச் அடித்துப் பார்த்தால் கண்மணி குண்டூசித் தலை அளவு. வாயில் எச்சில் நிற்கவில்லை, நெஞ்சில் நீர் கொப்பளிக்கும் சத்தம், தொடைத் தசைகள் தோலுக்கடியில் புழு நெளிவது போலத் துடித்தன. சட்டையைக் கழற்ற முதுகைத் தூக்கியபோது வாடை வந்தது. அவர் மருந்து என்ற சொல்லையே எடுக்கவில்லை. "அம்மா, இன்னைக்குக் காலைல தோட்டத்துல என்ன வேலை?" என்று கேட்டார்.

"பப்பாளிக்கு அடிச்சாருங்க."

நரம்பு தசைக்குச் செய்தி சொல்ல அசிட்டைல்கோலின் என்ற பொருளை விடும். சொன்னதும் அதை அழிக்க ஒரு நொதி இருக்கிறது. ஆர்கனோபாஸ்பேட் அந்த நொதியில் போய் ஒட்டிக்கொள்ளும். செய்தி அழியாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். சுரப்பிகள் வழிந்துகொண்டே இருக்கும், தசை துடித்துத் துடித்துக் கடைசியில் அசந்துபோகும். பூச்சிக்கும் மனிதனுக்கும் இந்த நொதி பொது.

முதல் வேலை உடையைக் களைந்து சோப்புப் போட்டுக் கழுவுவது. தலைமுடி, காது மடல், நகக்கண் வரை கழுவினார்கள். சட்டையைப் பிளாஸ்டிக் பையில் கட்டினார்கள். கூடவே, வழியும் சுரப்பை அடக்கும் மாற்று மருந்தான அட்ரோபின். ஆம்பூல் என்ற சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றில் 0.6 மி.கி.தான். முதலில் நாலு ஆம்பூல், ஐந்து நிமிடத்தில் நெஞ்சுச் சத்தம் குறையவில்லை என்றால் எட்டு, பிறகு பதினாறு என்று இரட்டித்துக்கொண்டே போவது முறை. செவிலியர் ஒருவர் உடைத்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் ஊசியில் ஏற்றிக்கொண்டே இருந்தார். கிட்னி ட்ரே முழுக்கக் கண்ணாடிக் கழுத்துகள். நெஞ்சு தெளிவதும், நாடி 80ஐத் தாண்டுவதும், ரத்த அழுத்தம் நிற்பதும், அக்குள் காய்வதும்தான் இலக்கு. பதினாறு ஆம்பூல் சுற்றில் எட்டினார்கள்.

பிராலிடாக்சிம் விஷயம் அவ்வளவு நேரானதல்ல. நொதியில் ஒட்டிய விஷத்தைப் பிடுங்கியெடுக்கும் மருந்து அது. ஆனால் நேரம் ஆக ஆக விஷம் இறுகிவிடும், பிறகு பிடுங்க முடியாது. மோனோகுரோட்டோபாஸ் போன்ற இரட்டை மீத்தைல் வகையில் நாலு மணி நேரத்துக்குள் பாதி நொதி இப்படி இறுகிப்போகும். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு அதிக அளவு தொடர்ச்சியாகக் கொடுத்தால் பலன் என்றது. இலங்கையில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில் பலன் தெரியவில்லை. வேலூரில் அதற்கு முன்பே செய்த ஆய்வுகளும் சாதகமாக இல்லை. மருத்துவர் கொடுத்தார். ஏன் என்று கேட்டபோது, "தோல் வழியா மெதுவா ஏறியிருக்கு, கடைசியா ஏறினது இன்னும் இறுகாம இருக்கலாம்னு நினைச்சேன். உதவிச்சான்னு கேட்டா சொல்ல முடியாது" என்றார். இந்தப் பதிலை நான் அப்படியே குறித்துவைத்திருக்கிறேன்.

மறுநாள் தெளிவாகப் பேசினார். வார்டுக்கு மாற்றலாமா என்ற பேச்சு வந்தது. மருத்துவர் இன்னும் மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே இருக்கட்டும் என்றார். அதற்குக் காரணம் 1987இல் இலங்கை மருத்துவர்கள் சேனாநாயக்கவும் கரல்லியத்தவும் எழுதிய கட்டுரை. முதல் கண்டம் தாண்டிய நோயாளிகளில் சிலருக்கு ஒன்றிலிருந்து நாலு நாளுக்குள் கழுத்து, தோள், மூச்சுத் தசைகள் தளர்ந்துபோவதை முதலில் வகைப்படுத்திச் சொன்னவர்கள் அவர்கள். சோதனை எளிது: தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்ல வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை செவிலியர் வந்து, "அண்ணா, தலையைத் தூக்குங்க" என்பார். எட்டு முறை தூக்கினார். மூன்றாம் நாள் விடியற்காலையில் கண்ணை உருட்டிப் பார்த்தார், தாடை அசைந்தது, தலை தலையணையை விட்டு எழவில்லை. மூச்சு மேலோட்டமாகிக்கொண்டிருந்தது. அரை மணிக்குள் வென்டிலேட்டர். ஏழு நாள் அதில் இருந்தார். எட்டாம் நாள் குழாயை எடுத்தார்கள்.

வார்டுக்கு மாற்றியிருந்தால் அந்த விடியற்காலையில் தலையைத் தூக்கச் சொல்ல ஆள் இருந்திருக்காது.

## வீடு திரும்பிய பின்

உடம்பு தேறியது. மனசு தேறவில்லை. தூக்கம் இல்லை, எதையும் மறந்துபோவார், சாப்பாட்டின் நடுவே அழுவார். "பயந்துட்டாரு" என்று வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். நான் ஜூனில் போனபோது திண்ணையில் தோட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். "சாவுக்குப் பயமில்லீங்க. மரத்தப் பாத்தா கை நடுங்குது, பாக்காம இருந்தா நெஞ்சு படபடங்குது" என்றார்.

மறுபரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் அவரை மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். மூன்று காரணங்கள் இருக்கலாம் என்றார் ஆலோசகர். இந்த வகை விஷம் தீர்ந்த பிறகும் சிலருக்கு ஞாபகம், தூக்கம், மனநிலை சில காலம் கலங்கியிருக்கும். குழாய் செருகிப் பேச முடியாமல் ஏழு நாள் கிடந்தது தனி அதிர்ச்சி. கடனும் காயும் மரமும் அப்படியே இருக்கின்றன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. மாத்திரைக்கு அவசரப்படாமல், மனைவியையும் கூட வைத்து நாலு முறை பேசினார். குடிக்கிறாரா, உயிரை விடும் எண்ணம் வந்ததா என்று நேராகவே கேட்டார். இல்லை. அந்தக் கேள்வியைக் கணவர் முன்னாலேயே கேட்டதில் மனைவிக்குப் பெரிய ஆறுதல் என்று பிறகு தெரிந்தது. முதல் மருத்துவமனையில் உண்மையைச் சொல்லாமல் தானே கொல்லப் பார்த்தோமோ என்று அவர் ஒருவரிடமும் சொல்லாமல் வெந்துகொண்டிருந்திருக்கிறார்.

ஆலோசகர் எங்களிடம் சொன்ன ஒன்றுதான் தோட்டத்து வேலையை மாற்றியது. "நீங்க அவர்கிட்ட ஒரு வேலையைப் பிடுங்கிட்டீங்க, பதிலுக்கு ஒண்ணும் கொடுக்கல. ஆபத்து நேரத்துல மனுஷனால சும்மா இருக்க முடியாது. தப்பான வேலையா இருந்தாலும் செய்வான்."

## எடுத்த முடிவுகள்

மருத்துவரின் கணக்கு ஒருபுறம். சிவப்பணுக்களில் உள்ள நொதி நாளுக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் மீளும். ஆகவே மூன்று மாதத்துக்குக் குறையாமல் அவர் எந்தப் பூச்சிக்கொல்லியின் பக்கமும் போகக் கூடாது. ஆள் வைத்து அடிக்கலாமா என்று வீட்டில் யோசித்தார்கள். அப்படியென்றால் அதே ஒழுகும் டேங்கை இன்னொருவர் முதுகில் மாட்டுவது. யாரும் அடிப்பதில்லை என்று முடிவானது.

இந்த முறை வேலைப் பட்டியலோடு போனோம். வெள்ளை மூடிய மரங்களை வெட்டி, இழுத்துப் போகாமல் அங்கேயே குழி தோண்டிப் புதைப்பது. வேலியோரப் பார்த்தீனியத்தைப் பிடுங்குவது. எறும்புகள் மாவுப்பூச்சிக்குக் காவல்காரர்கள். ஏறாமல் தண்டில் கிரீஸ் பட்டை கட்டுவது. மோட்டார் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கூட்டங்களை உதிர்ப்பது, அப்புறம் மீன் எண்ணெய் சோப்புக் கரைசல். சுமார் 1,100 மரங்கள் வெட்டுப்பட்டன. அந்த இரண்டு நாளும் அவர் வெளியே வரவில்லை. மனைவியும் தங்கை வீட்டுக்காரரும் நின்று வெட்டினார்கள்.

பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு கைக்கண்ணாடியும். வாரம் ஒருநாள் பத்து மரம், மரத்துக்கு மூன்று இலை, எத்தனை கூட்டம் என்று எண்ணி எழுத வேண்டும். முதல் இரண்டு வாரம் மகள் எழுதினாள். மூன்றாம் வாரத்திலிருந்து கையெழுத்து மாறியது.

குளவி வரும் என்பதை நம்பவைக்கக் கள்ளிப் பெரியவரைத்தான் கூட்டிப் போனோம். "பூச்சிய விட்டாத் தேடித் தேடித் திங்குமடா மாப்ள, கள்ளியத் தின்னுச்சில்ல" என்று அவர் சொன்ன ஒரு வாக்கியம், நான் காட்டிய படங்களை விட அதிகம் வேலை செய்தது.

தம்பியிடம் தனியாகப் பேசினோம். மல்பெரியில் டைகுளோர்வாஸ் அடித்துப் பத்துப் பதினைந்து நாள் காத்திருந்து இலை பறித்துக்கொண்டிருந்தார். குளவி விட்டால் அந்த அடியையும் நிறுத்த வேண்டும். "அவுரு நிறுத்துனா நானும் நிறுத்தறேன்" என்றார். பேச்சுவார்த்தை இல்லாத இருவரும் ஒப்புக்கொண்ட முதல் விஷயம் அதுதான்.

## ஒட்டுண்ணி வந்தது

2010 ஜூலையில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகள் பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சிகள் பணியகத்துக்கு வந்தன. முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதன்மேல் குளவியைப் பெருக்கினார்கள். மூன்றில் முன்னால் நின்றது அசெரோபேகஸ் பப்பாயே. நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, ஆரஞ்சு நிறம். இளம் மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்து தின்று, பூச்சியின் உடம்பு ஊதி விறைத்த கூடாகும். நாங்கள் மம்மி என்போம். இரண்டரை வாரத்துக்குள் குளவி அதில் வட்டத் துளை போட்டு வெளியே வரும். மாவுப்பூச்சியின் ஒரு தலைமுறைக்கு அதைவிட அதிக நாள் வேண்டும். இந்த நாள் வித்தியாசம்தான் குளவியின் பலம்.

நவம்பர் தொடக்கத்தில் எங்கள் கைக்கு வந்த பஞ்சு அடைத்த கண்ணாடிக் குழாய் ஒன்றில் சுமார் நூறு குளவிகள் இருந்தன. அவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுங்களா?" என்றார். ஆறு மாதம் முன்னால் ஒரு டேங்கில் எத்தனை மில்லி ஊற்றினாரோ, அதில் ஒரு மூடி அளவுகூட இல்லை. அவரே பஞ்சை எடுத்து ஒரு மரத்தடியில் சாய்த்துப் பிடித்தார். கை நடுங்கியதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் நடுங்கியது.

## விளைவு

நாலாவது வாரம் நோட்டில் முதல் மம்மி எழுதப்பட்டது. பன்னிரண்டாவது வாரத்தில் கூட்டங்களைவிட மம்மிகள் அதிகம். பிப்ரவரியில் பத்து மரத்தில் இரண்டு மூன்று கூட்டங்கள்தான். மல்பெரியில் நாங்கள் விடவே இல்லை; வேலி தாண்டித் தானாகப் போயிருந்தது.

இதை அப்படியே குளவியின் கணக்கில் எழுதியிருந்தால் தவறு. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தது. மழை மாவுப்பூச்சியை உதிர்த்துவிடும். மரங்களில் பாதிக்கு மேல் வெட்டியாயிற்று. ஒப்பிட அடிக்காமல், குளவியும் விடாமல் வைத்த தோட்டம் எங்களிடம் இல்லை. அதனால் முடிவைச் சொல்லாமல் அடுத்த கோடை வரை காத்திருந்தோம். ஏப்ரல், மே வறட்சியில்தான் இந்தப் பூச்சி பெருகும். 2011 மே மாதம் எண்ணியபோது பத்து மரத்தில் ஒரே ஒரு கூட்டம், அதிலும் பாதி மம்மி. மற்ற தோட்டங்களிலும், குளவி போன மாநிலங்களிலும் இதே கதைதான் நடந்தது என்பது பிறகு வெளிவந்தது.

மிச்சமிருந்த மரங்களில் பால் எடுத்தார். வெட்டிய இடத்தில் மக்காச்சோளம் போட்டார். கடைக்கடன் அடைய இரண்டு வருடம் ஆயிற்று. தூக்கம் நான்கைந்து மாதத்தில் திரும்பியது. ஞாபகமறதி போய்விட்டது என்று அவர் சொல்வார், இல்லை என்று மனைவி சொல்வார். மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்எல் (36 சதவீதக் கரைசல்) மீது மத்திய அரசின் தடை 2023இல்தான் வந்தது.

## மறுபடி செய்வதானால்

பிப்ரவரியில் "பொறுங்கள்" என்று சொன்ன அன்றே நோட்டையும் கைக்கண்ணாடியையும் கொடுத்திருப்பேன். குளவி தேதி தெரியாது என்பது உண்மை. எண்ணுவதற்கு, மரம் புதைப்பதற்கு, எறும்பைத் தடுப்பதற்குத் தேதி வேண்டியதில்லை. என் குறிப்பேட்டில் பூச்சி எண்ணிக்கை இருந்தது, அவர் முதுகு டேங்க் ஒழுகுவது இல்லை. மூன்று முறை அந்த டேங்கைப் பார்த்திருக்கிறேன்.

அடிக்கிறவர்களுக்கு முன்கூட்டியே ரத்த நொதி அளவு எடுத்துவைப்பது நல்லது. பாதிப்புக்குப் பின் எடுக்கும் எண்ணை எதோடு ஒப்பிடுவது என்று இவர் விஷயத்தில் தெரியவில்லை. சிறு மருத்துவமனைகளுக்கு இது எட்டாது என்பதும் தெரியும். ஈரச் சட்டையைக் கழற்றுவதும் கழுவுவதும் எட்டும்.

அரசு மருத்துவமனையின் அந்த மருத்துவர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். தன் புறநோயாளிச் சீட்டில், "மருந்து உட்கொண்டாரா" என்ற வரியை அடித்துவிட்டு, "இன்று தோட்டத்தில் என்ன வேலை? என்ன அடித்தீர்கள்? சட்டை மாற்றினீர்களா?" என்று மூன்று கேள்விகளை ரப்பர் ஸ்டாம்பாக வெட்டி வைத்திருக்கிறார். மை காய்ந்தால் மாற்றிக்கொள்ள இன்னொரு ஸ்டாம்ப் பேடும் மேசையில் இருக்கிறது.